வீட்டுத் தொட்டியில் சிற்றிறால் வளர்ப்பு

இறால் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்குச் சமையலறைதான் நினைவுக்கு வரும். கத்தரிக்காயுடன் சேர்த்துக் குழம்பு வைக்கும் சென்னாக்கூனியும், சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் பெலாச்சானும் இறாலிலிருந்து வந்தவையே. அவை கடலில் கூட்டங்கூட்டமாக வாழும் மிகச் சிறிய இறால்கள். ஆனால் உப்புநீரையே காணாமல், ஓடையிலும் குளத்திலும் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இனம் பெருக்கி மடியும் சிற்றிறால்களும் உலகில் பல உண்டு. அவற்றுள் ஓரினத்தை நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம். மீன் வளர்ப்பதைவிட இது எளிது என்று கடைக்காரர் சிலர் கூறுவர். தொட்டி சிறியது, உணவு குறைவு என்ற அளவில் அது மெய்யே. நீரைப் பொறுத்தவரையிலோ, மீன் பொறுத்துக்கொள்ளும் பலவற்றைச் சிற்றிறால் பொறுத்துக்கொள்ளாது.

மாணவச் செல்வங்களே! கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வண்ணமீன் விற்கும் கடைகளில் 'செர்ரி இறால்' என்று கேட்டால், செம்பவளத் துண்டுகள் போன்ற சிறு உயிர்களைக் காட்டுவார்கள். அதன் அறிவியற்பெயர் நியோகாரிடினா டேவிடி என்பதாகும். 1904ஆம் ஆண்டில் பூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினத்தை முதன்முதலில் விவரித்தார். சீனாவும் தைவானும் இதற்குத் தாயகம் எனலாம். முழு வளர்ச்சி பெற்ற பெண் இறால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் அதனினும் சிறியது. ஆயுட்காலம் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள்.

இயற்கையில் இவ்விறால் சிவப்பாக இருப்பதில்லை என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். ஓடையில் வாழ்வது மங்கிய பழுப்பு நிறமும் கண்ணாடி போன்ற உடலும் உடையது. அவ்வாறிருந்தால்தான் மீனின் கண்ணுக்குத் தப்பலாம். சிறிதளவு சிவப்பு தோன்றியவற்றைத் தைவான் நாட்டு வளர்ப்போர் பிரித்தெடுத்தனர்; அவற்றின் குஞ்சுகளிலும் மிகச் சிவந்தவற்றையே மீண்டும் தேர்ந்தெடுத்துப் பல தலைமுறைகள் பெருக்கினர். அதன் பயனே இன்று நாம் காணும் செந்நிறம். நீலம், மஞ்சள் முதலிய நிறங்களும் இம்முறையிலேயே வந்தவை. ஆகவே, அழகாக இருக்குமென்று பல நிறங்களை ஒரே தொட்டியில் கலந்து விட்டால், சில தலைமுறைகளில் பழைய பழுப்பு நிறமே திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்வதே நன்று.

ஜப்பானில் சுசுகி என்பவர் 1990களில், கறுப்பும் வெள்ளையுமான தேனீ இறால்களிடையே அரிதாகத் தோன்றிய சிவப்பு நிறத்தைப் பெருக்கிப் புகழ்பெற்றார். அவ்வகை இங்கும் விற்பனைக்கு வருவதுண்டு. ஆனால் அதற்கு 20 முதல் 25 பாகை வரையிலான குளிர்ந்த நீர் தேவை. நம் வீட்டு நீரோ பெரும்பாலும் 28 பாகைக்கு மேலேயே இருக்கும். நீரைக் குளிரூட்டும் இயந்திரம் இல்லாத வீட்டில் அதனை வாங்கி வைப்பது வீண்செலவாகும் என்பது நம் கருத்து.

நம் நாட்டிலேயே நன்னீர் இறால் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஈயக்குட்டைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் கண்ணாடி போன்ற உடலுடன் நீந்தும் இறாலைக் கண்டிருப்பீர்கள். அரோவானா போன்ற பெரிய மீன்களுக்கு உணவாகக் கடைகளில் நெகிழிப்பையில் விற்கப்படுவதும் இதுவே. மாக்ரோபிராகியம் லான்செஸ்டரி என்பது இதன் பெயர். இது 5 சென்டிமீட்டர் வரை வளரும். முன்கால்களில் சிறு கிடுக்கிகள் உண்டு. தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு மிக நல்ல உயிர். செர்ரி இறாலுடன் சேர்த்து விட்டால் மட்டும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும்.

இதே மாக்ரோபிராகியம் பேரினத்தைச் சேர்ந்ததுதான் 'உடாங் காலா' எனப்படும் நம் ஆற்றுப் பெரிய இறால். அதைப் பற்றி மலேசிய மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. பெண் உடாங் காலா ஆயிரக்கணக்கான முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும், முட்டைகள் பொரியும், ஆனால் தொட்டி நீரில் வைத்த குஞ்சுகள் சில நாள்களிலேயே மடிந்துவிடும். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த லிங் ஷாவ் வென் என்னும் அறிஞர், பினாங்குத் தீவில் குளுகோரில் இருந்த மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இதனை ஆராய்ந்தார். 1961ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. நன்னீரில் வாழும் அவ்விறாலின் குஞ்சுகளுக்குச் சிறிது உப்பு கலந்த நீர் வேண்டும்! ஆற்றில் வாழும் தாய், முட்டை பொரியும் காலத்தில் கழிமுகத்தை நோக்கி இறங்குவதன் காரணமும் அதுவே. லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்புள்ள நீர், அதாவது கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு உவர்ப்பு, குஞ்சுகளுக்கு ஏற்றது. அந்நீரில் பதினொரு பருவங்களைக் கடந்த பின்னரே அவை இறால் வடிவம் பெற்று ஆற்றுக்குத் திரும்பும். 1965இல் நம் நாட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தாய் இறால்களை வைத்து ஹவாயில் பெருமளவு குஞ்சு பொரிக்கும் முறை உருவாயிற்று. பின்னர் அது உலகெங்கும் பரவியது. இன்று பல நாடுகளில் உள்ள நன்னீர் இறால் பண்ணைகளுக்குக் குளுகோரில் கிடைத்த அந்த விடையே அடிப்படை.

இவ்வரலாற்றை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எந்த இறாலை வாங்கினாலும், அதன் குஞ்சுகளுக்கு எந்த நீர் வேண்டும் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தாகாஷி அமானோ பாசியைத் தின்பதற்காக 1980களில் தம் தொட்டிகளில் விட்டுப் புகழ்பெறச் செய்த அமானோ இறாலும் உப்புநீர் தேடும் வகைதான். அது நம் தொட்டியில் நெடுநாள் வாழும், முட்டையும் சுமக்கும், குஞ்சு மட்டும் தங்காது. செர்ரி இறாலுக்கு இத்தொல்லை இல்லை. அதன் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவில், தாயின் வடிவத்திலேயே இருக்கும். பிறந்த நாளிலிருந்தே பாசியை மேயத் தொடங்கிவிடும்.

இனித் தொட்டியைப் பற்றிக் காண்போம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி போதுமானது. 25 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றினால் அதன் கொள்ளளவு எவ்வளவு? 60ஐ 30ஆலும் 25ஆலும் பெருக்கினால் 45,000 கன சென்டிமீட்டர். அதாவது 45 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே நீர் மட்டுமே 45 கிலோகிராம் ஆகிறது. கண்ணாடியும் மணலும் தனி. ஆட்டம் காணும் மேசையில் இதனை வைக்கலாமா என்பதைக் கணக்குப் போட்டவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வெயில் நேராக விழும் சன்னலோரம் ஆகாது. தகரக் கூரையுள்ள வீடுகளில் பிற்பகல் வெப்பம் மிகுதி. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். சிமெண்டுத் தரைக்கு அருகில், காற்றோட்டமுள்ள தாழ்வான இடமே சிறந்தது. சிறு மின்விசிறி ஒன்றை நீரின் மேற்பரப்பை நோக்கி வைத்தால், நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று பாகை வெப்பம் குறையும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியினால்தான்.

மணலைச் சவர்க்காரம் இல்லாமல் பலமுறை அலசிப் பரப்ப வேண்டும். நீரைச் சுத்தம் செய்யக் காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதும். விசையுடன் உறிஞ்சும் வடிகட்டிகளோ குஞ்சுகளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். ஒரு கைப்பிடி ஜாவா பாசியை ஒரு கல்லில் நூலால் கட்டி வைக்கலாம். நம் பள்ளித் திடல்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின் உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றையும் கழுவி இடலாம். இலை மெல்ல அழுகும்போது அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமே சிற்றிறால்களுக்கு விருப்பமான உணவு. இலையில் ஊறும் சாற்றினால் நீர் தேநீர் நிறம் கொள்ளும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வாகனங்கள் ஓயாது செல்லும் சாலையிலும், களைக்கொல்லி தெளித்த இடத்திலும் இலை பொறுக்குதல் கூடாது.

குழாய்நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நமக்கு நன்மை தரும் அது இறாலுக்கும் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் தீங்கு. வாய் அகன்ற வாளியில் ஒருநாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியை, பொட்டலத்தில் கண்ட அளவுப்படி சேர்ப்பது இன்னும் உறுதி. தகரக் கூரையில் வழியும் மழைநீரைப் பிடித்து ஊற்றலாமே என்று சிலர் எண்ணலாம். துத்தநாகம் பூசிய தகட்டில் ஓடிவரும் நீரில் துத்தநாகம் கலந்திருக்கும். அதுவும் இறாலுக்கு நஞ்சே.

நீர் ஊற்றிய அன்றே இறாலை விடுவதுதான் பெரும்பாலோர் தொட்டி பாழாவதற்குக் காரணம். இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம். உயிரினத்தின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அது கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட் ஆக்குகிறது. அது பெரும் தீங்கு செய்யாதது. செடிகளுக்கு எருவும் ஆகும். இவ்விருவகை நுண்ணுயிர்களும் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகக் குறைந்தது நான்கு வாரங்கள் பிடிக்கும். அக்காலம் முழுவதும் தொட்டியில் இறால் இருக்கலாகாது. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் இட்டு, காற்றுப் பம்பை ஓடவிட்டு, காத்திருத்தல் வேண்டும். வெறும் நீரை நான்கு வாரம் பார்த்துக்கொண்டிருப்பது சிறுவர்க்குக் கடினந்தான். ஆயினும் கண்ணாடியில் பச்சைப்பாசி படர்வதும், சிறு நத்தைகள் எங்கிருந்தோ தோன்றுவதும் இக்காலத்தில்தான். அவற்றை ஏட்டில் நாள்வாரியாகக் குறித்து வரலாம்.

கடையிலிருந்து பத்து அல்லது பன்னிரண்டு இறால்கள் வாங்கினால் போதும். பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டுதல் கூடாது. பை நீருடன் இறாலை ஒரு சிறு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றின் வழியே நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டால் சொட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் வாளி நீர் மும்மடங்காகும். அதன் பின்னர் வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுக.

முதல் வாரம் முழுவதும் அவை பாசிக்குள் ஒளிந்திருக்கும். பழகிய பின்னர், இரு சிறு முன்கால்களால் ஓயாது எதையோ பொறுக்கி வாயிலிடுவதைக் காணலாம். தனியாக உணவு இடுவது சிறிதளவே போதும். வேகவைத்த கீரையின் ஓர் இலை, வெள்ளரித் துண்டு ஒன்று, இவற்றை வாரம் இருமுறை இடலாம். இரண்டு மணி நேரத்தில் தின்னாது விட்டதை எடுத்துவிட வேண்டும். கங்கோங் ஆயினும் வேறு கீரையாயினும், ஓடும் நீரில் நன்கு அலசிய பிறகே இடுக. பூச்சிமருந்து ஒட்டியிருந்த கீரை ஒன்றே ஒரு தொட்டியை ஓரிரவில் வெறுமையாக்கிவிடும்.

சில நாள்கள் சென்றபின், தொட்டியின் அடியில் செத்த இறால் போன்று வெண்மையான ஒன்று கிடப்பதைக் கண்டு சிறுவர்கள் அழுவதுண்டு. அது பெரும்பாலும் இறாலன்று. அது கழற்றிப் போட்ட சட்டை. இறாலின் எலும்பு உடலுக்கு வெளியே ஓடாக அமைந்துள்ளது. ஓடு வளராது, ஆகவே உடல் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதைக் கட்டிக்கொள்கிறது. கழற்றிய ஓட்டை எடுத்தெறிய வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பை இறால்கள் தின்று மீண்டும் பயன்படுத்தும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீர் பொதுவாக மென்னீர், சுண்ணாம்பு குறைவு. எனவே, மீன் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு சிறு துண்டைக் கழுவிக் காயவைத்துத் தொட்டியில் இடுவது நலம். சுண்ணாம்பு போதாத இறால் பாதிச் சட்டையைக் கழற்றிய நிலையில் கழுத்தருகே வெள்ளை வளையம் தோன்றி மடிவதுண்டு. ஒரே நேரத்தில் மிகுதியாக நீர் மாற்றினாலும் இவ்வாறு நேரும். வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் போதும்.

பெண் இறாலின் முதுகில், தலைக்குப் பின்னால், குதிரைச் சேணம் போன்று மஞ்சள் நிறத் திட்டு ஒன்று தெரியும். அது முதிர்ந்து வரும் முட்டைகள். அப்பெண் ஓடு கழற்றிய நாளில் ஆண் இறால்கள் அனைத்தும் நிலைகொள்ளாமல் தொட்டி முழுதும் சுற்றித் திரியும். பின்னர் இருபது முப்பது முட்டைகள் வயிற்றின் அடிப்புறத்துக்கு வந்து சேரும். தாய் தன் நீச்சற்கால்களால் அவற்றை இடைவிடாது விசிறிக்கொண்டே இருக்கும். காற்றுப் படாத முட்டை பூஞ்சை பிடித்துவிடும் என்பதே காரணம். ஏறக்குறைய மூன்று வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை இரண்டு மூன்று மாதங்களில் பருவமடைந்துவிடும். பத்து இறால்களுடன் தொடங்கிய தொட்டி அரையாண்டில் நூறாவதில் வியப்பில்லை.

இனிக் கூறப்போவது பெற்றோரும் படிக்க வேண்டிய பகுதி. இறாலும் கொசுவும் கரப்பானும் ஒரு வகையில் உறவினர். அனைத்தும் கணுக்காலிகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்குமாறு ஆக்கப்பட்ட மருந்து இறாலின் நரம்பையும் அவ்வாறே தாக்கும். மனிதனுக்குப் பெரும் தீங்கு செய்யாத அளவே இறாலைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருளின் புகை, கரப்பானுக்கு அடிக்கும் தெளிப்பான், நாயின் உண்ணிக்கு இடும் மருந்து, இவை பட்ட கையைத் தொட்டியில் விட்டாலும் போதும். மீன் நோய்க்கு விற்கப்படும் சில மருந்துகளில் செப்பு உப்பு கலந்திருக்கும். இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செப்புதான். அதனால் அதன் இரத்தம் இளநீலமாக இருக்கும். இருந்தும், நீரில் செப்பு சிறிதளவு மிகுந்தாலும் அதற்கு அழிவே.

நம் பகுதியில் டிங்கிக் காய்ச்சல் ஓயாத தொல்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளாயினும் கிள்ளான் தாமான்களாயினும் புகைமருந்து அடிக்க வருவார்கள். இறால் மடியும் என்று கதவை அடைத்துக்கொள்வது முற்றிலும் தவறு. மனித உயிரே முதன்மையானது. ஆனால் தொட்டியையும் காக்க வழி உண்டு. காற்றுப் பம்பு அறையிலுள்ள காற்றை உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது. புகையையும் அவ்வாறே செலுத்திவிடும். ஆகையால் புகை வருமுன் பம்பை நிறுத்துக. தொட்டியின் வாயை நெகிழித் தாளால் மூடி, அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்துக. புகை முற்றும் கலைந்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் பெற்ற பிறகே மூடியை எடுத்துப் பம்பை ஓட்டுக. மூடியைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே மற்ற வேலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீன் இல்லாத தொட்டி ஏடிஸ் கொசுவுக்கு நல்ல பிறப்பிடமாகிவிடும். சிற்றிறால், கொசுப்புழுவைத் தேடிப் பிடித்துண்ணும் இனமன்று. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975இல் நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால் தண்டம் விதிக்கப்படும். அதற்கு அஞ்சித் தொட்டியில் அபேட் மருந்தைத் தூவினால் புழுவுடன் இறாலும் மடியும். கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொட்டியின் மேல் இடைவெளியின்றி மூடிவிடுவதே ஏற்ற வழி. வாளியில் ஊறவைக்கும் நீருக்கும் அவ்வாறே வலை இடுக. அதுவும் கொசு தேடும் இடந்தான்.

தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை செய்வோர் வீட்டில் தொட்டி வைப்பதாயின் ஒன்றைக் கவனத்தில் கொள்ளல் வேண்டும். மருந்து, வேலை முடிந்தவுடன் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. அது சட்டையிலும் காலணியிலும் கையிடுக்கிலும் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. தோட்டங்களில் மருந்தடிப்போரின், சிறப்பாகப் பெண்களின், உடல்நலக் கேட்டினை ஆராய்ந்து தெனாகானிதா அமைப்பு 2002இல் அறிக்கை வெளியிட்டதையும், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதையும் நம் பெற்றோர் பலர் அறிவர். பிற மருந்துகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளுடன் சேர்க்காமல் தனியே துவைத்து, குளித்த பின்னரே தொட்டியைத் தொடுதல் வேண்டும். அவ்வாறே குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குதலும் வேண்டும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. இறால் மடிந்தால் ஏதோ ஒரு நஞ்சு வீட்டுக்குள் வந்துள்ளதா என்று ஆராய இடமுண்டு. இறால் உயிரோடு இருப்பதனால் நீர் குடிக்கத் தக்கது என்று எண்ணிவிடுதல் கூடாது. அது வேறு, இது வேறு.

நீர்த்தடையும் நம் பகுதி மக்கள் நன்கறிந்த ஒன்றே. 2020 செப்டம்பர்த் தொடக்கத்தில் ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தமையால், சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறக்குறைய 12 இலட்சம் நீர்க் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. இத்தகைய நாளில் தொட்டி நீரை மாற்றாமல் இருப்பதே நல்லது. பாசியும் நுண்ணுயிரும் நிலைபெற்ற தொட்டி, உணவைக் குறைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். நீர் திரும்பி வந்தவுடன் முதலில் வருவது கலங்கலாக இருக்கும். அதனைத் தொட்டிக்கு எடுத்தல் ஆகாது. நன்கு தெளிந்தபின் பிடித்து, குளோரினை நீக்கிப் பயன்படுத்துக.

தலைநகரின் ஆறுகளைப் பற்றியும் ஒரு சொல். கோம்பாக் ஆறு மலையில் தெளிந்த ஓடையாகப் பிறந்து, மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றுடன் கலக்கிறது. பிரிக்பீல்ட்சின் ஓரமாக ஓடுவது அக்கலந்த நீரே. அச்சிறிய கோம்பாக் ஆற்றின் உயிரினங்களை மட்டுமே ஆராய்ந்து பிஷப் என்னும் அறிஞர் 1973இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். மலையடியில் இருக்கும் உயிர்வகைகள் நகரை நெருங்க நெருங்கக் குறைவதற்குக் காரணம், நம் தொட்டியில் நாம் அஞ்சும் அதே பொருள்கள்தாம்: சவர்க்காரம், எண்ணெய், சாக்கடைக் கழிவு, மருந்து.

தொட்டியில் இறால் மிகுந்துவிட்டால் என் செய்வது? ஆற்றிலோ கால்வாயிலோ ஈயக்குட்டையிலோ கொண்டுபோய் விடுதல் கூடவே கூடாது. அது கருணைபோல் தோன்றினும் கேடே விளைவிக்கும். செர்ரி இறால் ஹவாயிலும் ஜெர்மனியிலும் போலந்திலும் இவ்வாறு ஓடைகளில் குடியேறியதை அறிஞர் கண்டுள்ளனர். நம் நாட்டிலேயே சான்று உண்டு. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்கென்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த 'ஈக்கான் பண்டாராயா' என்னும் முள்ளோட்டு மீன், தொட்டிக்குப் பெரிதானதும் ஆற்றில் விடப்பட்டது. இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அது பெருகிக் கிடக்கிறது. கரையை அரித்து வளை தோண்டுகிறது. உள்ளூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தன்னார்வலர்கள் வலை வீசிப் பிடித்தும் குறைந்தபாடில்லை. தொட்டி நீரை ஊற்றும்போதும் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, பூச்செடி மண்ணில் ஊற்றுக. கால்வாயில் ஊற்ற வேண்டாம்.

மிகுந்த இறால்களை வகுப்புத் தோழர்க்குக் கொடுக்கலாம். அகன்ற வாயுள்ள புட்டியில் பாதியளவு தொட்டி நீரையே நிரப்பி, இறால்கள் பற்றிக்கொள்ளச் சிறிது ஜாவா பாசியையும் இட்டு, மீதிப் பாதியைக் காற்றுக்கு விட்டு மூடுக. வெயில் ஏறுமுன் காலையிலேயே கொண்டு சேர்ப்பது நன்று. ஆனால் புட்டியை எடுப்பதற்கு முன், அத்தோழர் வீட்டுத் தொட்டியில் நீர் நிரப்பி நான்கு வாரம் ஆயிற்றா என்று கேட்டுக்கொள்க. ஆகவில்லையென்றால், பஞ்சு வடிகட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதலில் அதனைக் கொடுத்தனுப்புக. இறால் பிறகு போகலாம்.